மூன்றாவது சாட்சி

இறந்துபோனவர்கள் நீதிமன்றத்துக்கு வரவேண்டியதில்லை என்றொரு நம்பிக்கை பொதுமக்களிடையே பரவலாக நிலவுகிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதுதான் வருத்தம். இது தவறு. இன்னார் இனி வரவேண்டாம் என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அவர் இறந்துவிட்டார் என்பதை யாராவது ஒருவர் வந்து, தாளில் எழுதி, சான்றிதழை இணைத்து, தேதி போட்டுத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காத வரையில் அவர் உயிரோடு இருப்பவர்களில் ஒருவர், அதிலும் சொன்ன நேரத்துக்கு வந்து சேராதவர். டவாலி என்கிற நீதிமன்றச் சேவகர் வாசலுக்கு வந்து அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். இரண்டு அல்ல, நான்கும் அல்ல. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் ஒரு மனிதர் வரவில்லை என்பது சட்டத்தின் காதில் விழுகிறது.

உச்சிமாகாளி அன்று காலை பத்து மணிக்கே நடுவர் நீதிமன்றத்துக்கு வந்து, நடையில் கிடந்த நீளப் பெஞ்சின் இந்த முனையில் உட்கார்ந்தான். அந்த முனையில் யாரோ ஒருவர் காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பாதங்கள் இரண்டும் சேர்ந்தாற்போல் மேல்நோக்கி இருந்தன. தூங்குகிறவர்களின் பாதங்கள் பொதுவாக அப்படிச் சேர்ந்து இருப்பதில்லை, ஒன்று ஒரு பக்கம் சாயும், மற்றது மறுபக்கம் சாயும், இதை அவன் யோசிக்கவேண்டாம் என்று நினைத்தான், நினைத்ததும் யோசித்துவிட்டான். பதினோரு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான், ஆனால் அதில் நோயாளிகளை ஏற்றியது மிகக் குறைவு, வண்டியின் முதலாளி அதைப் பிணவறைக்கும் சுற்றுவட்டார ஊர்களுக்கும் இடையில்தான் ஓட விட்டிருந்தார், சைரன் இருந்தும் போட அவசியமில்லாத வண்டி. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பைபாஸில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் போலீசார் கைகாட்டி நிறுத்தி, குழாயை நீட்டி ஊதச் சொன்னார்கள், ஊதினான், குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. அவன் வாழ்க்கையில் முதல் வழக்கு. போன தடவை இங்கே வந்தபோது நடுவர் அம்மா குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கிறீங்களா என்று கேட்டார், ஒத்துக்கொண்டால் லைசன்ஸ் போகும், லைசன்ஸ் போனால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி முன்னமே தெளிவாகச் சொல்லியிருந்தார், ஆகவே வாய் தானாகவே இல்லைங்கம்மா என்றது. வக்கீல் இருக்கிறாரா என்று கேட்டார், வைக்க வசதியில்லை என்றான், அரசு செலவிலேயே ஒருவரைத் தரலாம், வேண்டுமா என்றார், வேண்டாம் என்றான். வழக்குப் போட்டது அரசாங்கம், அதே அரசாங்கம் அனுப்புகிற வக்கீல் யாருக்குப் பேசுவார் என்பது அவன் கணக்கு. இந்த மாதிரிப் பிழையான முடிவுக்குத் தர்க்க நூல்களில் தனியாக ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் அந்த நூல்கள் அந்த நடையில் கிடைக்கவில்லை. வேண்டாம் என்றதும் நடுவர் அம்மா எழுதிக்கொண்டார், சாட்சி விசாரணைக்கு ஒரு தேதி சொன்னார். இன்று அந்தத் தேதி. காலையில் புறப்படும்போது சொர்ணம் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, என்ன கேட்டாலும் பதறாம பதில் சொல்லுங்க என்றாள், பிறகு வாசல்வரை வந்து, குடிச்சதை ஒத்துக்கிறாதிய என்றாள், பெரியவள் காலேஜ் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்பதை அவள் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

கையில் பிளாஸ்டிக் பையில் நகல்கள் இருந்தன. போன தடவை இலவசமாகக் கொடுத்தார்கள், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கவேண்டும் என்று விதி. முதல் சாட்சி சப்-இன்ஸ்பெக்டர், இரண்டாவது சாட்சி கான்ஸ்டபிள், மூன்றாவது சாட்சி ஞானதிரவியம், வயது ஐம்பத்தெட்டு, தகப்பனார் பெயர் வேதமாணிக்கம், ஊர் ஆசீர்விளை, மேற்படி வாகனத்தில் பயணம் செய்தவர். ஞானதிரவியத்தின் வாக்குமூலம் ஏழு வரி. அதை உச்சிமாகாளி எத்தனை தடவை படித்தான் என்று அவனுக்கே தெரியாது, மடிப்பில் தாள் கிழிய ஆரம்பித்திருந்தது. நான் மேற்படி ஆம்புலன்சில் படுத்தபடி பயணம் செய்தேன், டிரைவர் மது அருந்தியிருந்தார், வண்டி அங்குமிங்கும் ஓடியது, எனக்கு உயிர்பயம் ஏற்பட்டது. இவ்வளவும் சரி, இப்படித்தான் எழுதுவார்கள், கேட்காமலே எழுதுவது ஒரு பழக்கம், எல்லாச் சாட்சிகளும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள், வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஞானதிரவியம் அப்போது இறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது, அதுகூடப் பரவாயில்லை, எழுதியவருக்கு அது தெரியாது. உச்சிமாகாளி மாட்டிக்கொண்டு நின்றது கடைசி வரியில். வளைவுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்த டிரைவர் பாலத்தில் மட்டும் சொல்லவில்லை. அதை யார் சொன்னது. அவனைத் தவிர அந்த வண்டியில் இருந்தது ஒரே ஒருத்தர்.

இந்தத் தொழிலில் சில வழக்கங்கள் உண்டு. ஏற்றியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் பெயரைச் சொல்லக் கூடாது, ஐயா, அம்மா, அவ்வளவுதான், பாதி வழியில் பெயரை மூன்று தடவை கூப்பிட்டால் இறங்கிவிடுவார் என்பார்கள். வழியில் முகத்தை மூடக்கூடாது, மூடினால் வந்த வழி தெரியாது. வளைவு வந்தால், பாலம் வந்தால், ரயில்வே கேட் வந்தால் ஐயா, வளைவு வருது என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். யாராவது கேட்டால் தனியாக வருகிறேன் என்று சொல்லவே கூடாது, சொன்னால் அவர் நம்மைத் தனியாக விடமாட்டார், வீடுவரைக்கும் வருவார். இதையெல்லாம் உச்சிமாகாளி நம்பினான் என்று சொல்லமுடியாது, நம்பாமல் ஒருநாளும் தவறாமல் செய்தான், நம்பிச் செய்கிறவர்களைவிட இவர்கள்தான் ஒழுங்காகச் செய்வார்கள். இன்னொரு வழக்கம், வீட்டார் பிணவறை வாசலிலேயே டிரைவருக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்துவிடுவது, அதை அவன் போகும்போது தொடமாட்டான், இறக்கிவிட்டு வண்டியை வீட்டில் போட்ட பிறகுதான் மூடியைத் திருகுவான். அன்றைக்கும் ஞானதிரவியத்தின் மச்சான் குவார்ட்டரையும், ஊருக்குப் போகிற வழியும் பெயர், வயது, தகப்பனார் விவரமும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டு, நாங்க முன்னால போயி கோயில்ல மணி அடிக்கச் சொல்லுதோம் என்று பைக்கில் போய்விட்டார். வண்டியில் அவனும் ஐயாவும். தாடை திறந்துகொள்ளாமல் இருக்கத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள், பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். செங்கல் சூளைப் பக்கம் வளைவு வந்தது, ஐயா, வளைவு வருது என்றான். பின்னாலிருந்து ம் என்று கேட்டது.

ம் என்றால் ஒரு சத்தம், அவ்வளவுதான். உடம்புக்குள்ளே காற்று இருக்கும், வளைவில் வண்டி சாயும்போது அது தொண்டை வழியாக வெளியே வரும், சில சமயம் முனகல் மாதிரி, சில சமயம் பெருமூச்சு மாதிரி. அழுதுகொண்டே கூட வந்த எத்தனையோ பேருக்கு இதை அவனே பொறுமையாக விளக்கிச் சொல்லியிருக்கிறான், காத்துதான்மா, வேற ஒண்ணும் இல்ல. அன்றைக்கு யாரும் கூட இல்லாததால் விளக்குவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அடுத்த வளைவில் சொல்லாமல் போகலாமா என்று பார்த்தான், முடியவில்லை, ஐயா, வளைவு என்று பாதிக் குரலில் சொன்னான், ம். காத்து, நாம் சொன்னதைக் கேட்ட பிறகு வருமா, கேட்பதற்கு முன்னால் வருமா. இது பின்னால் வந்தது, ஒரு நொடி கழித்து, மரியாதை தெரிந்த ஆள் பதில் சொல்கிற மாதிரி. வேப்பமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டிக் குவார்ட்டரை எடுத்தான், தண்ணீர் கூட இல்லை, அப்படியே. தொண்டை எரிந்தது நினைவிருக்கிறது, கண்ணாடியில் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி வைத்தான், அதில் வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு பாலம் வந்தது. நீளப் பாலம், கீழே தண்ணீரில்லாத மணல். பாலம் வருது என்ற வார்த்தை நாக்குவரை வந்தது, சொன்னால் மறுபடி ம் வருமே, சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான், ஒன்றும் கேட்கவில்லை, அந்த ஒன்றும் கேட்காதது பாலத்தைவிட நீளமாக இருந்தது. தாண்டியதும் கைகாட்டினார்கள். எத்தனை பேருய்யா வண்டியில என்று கான்ஸ்டபிள் கேட்டார், கேட்டதும் பதினோரு வருடப் பழக்கம் பதில் சொன்னது, ரெண்டு பேருய்யா. கான்ஸ்டபிள் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், தலையில் கட்டோடு ஒருத்தர் படுத்திருப்பது தெரிந்தது, தலைக்காயம் என்று எழுதிக்கொண்டார், உச்சிமாகாளியின் சட்டைப் பையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் பெயர் விவரத்தையும் எழுதிக்கொண்டார். பக்கத்து ஸ்டாண்டிலிருந்து வேறு டிரைவர் பத்து நிமிடத்தில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். உயிரோடு இல்லை என்று உச்சிமாகாளி சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. இதில் யாருடைய தவறு அதிகம் என்பதை மூன்று மாதமாக அவன் எடைபோட்டுக்கொண்டிருந்தான், தராசு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது.

அந்தக் கடைசி வரியை நானேதான் சொல்லியிருப்பேன். குடித்த வாய், பாலத்துல சொல்லலய்யா, பாலத்துல சொல்லலய்யா என்று கான்ஸ்டபிளிடம் புலம்பியிருப்பேன், அவர் அதையும் சேர்த்து எழுதியிருப்பார். இதுதான் நடந்திருக்கும், வேறு எதுவும் நடக்க வழியில்லை. ஆனால் மற்றதெல்லாம் நினைவிருக்கிறதே, குழாயின் வெள்ளை நிறம், கான்ஸ்டபிளின் செருப்பில் அறுந்த வார், எதிரே போன நுங்கு வண்டி, எல்லாம் இருக்கிறது, புலம்பினது மட்டும் இல்லை. இல்லாததை எப்படித் தேடுவது, பெஞ்சின் அந்த முனையில் துண்டு லேசாக ஏறி இறங்குகிறதா, ஏறி இறங்கினால் நல்லது, மின்விசிறிக் காற்றுக்கும் துண்டு அப்படி ஆடும். நடுவில் உட்கார்ந்திருந்த வெயிலுமுத்து, சேவல்சண்டை நடத்தினதாக வழக்கு, இது நான்காவது, அவரைப் பார்த்தால் வங்கியில் பாஸ்புக் பதிய வந்தவர் மாதிரி நிம்மதியாக இருந்தார், தன் சேவல் காவல்நிலையத்தில் முட்டையிட்டதாக ஒரு கதை சொன்னார், பிறகு இவன் வழக்கை விசாரித்தார், தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“மூணாவது சாட்சி மட்டும் வரலைன்னு வைங்க, அவரு வரவே மாட்டாருன்னு தெரிஞ்சா கேசுல பாதி காத்துல போயிரும்வே. ஆளு எப்படி, வருவாரா?”

“தெரியல அண்ணாச்சி” என்றான் உச்சிமாகாளி.

பதினொன்றரை மணிக்கு இலவச சட்ட உதவிக்காக வந்த இளம் வக்கீல் அம்மா நடையில் போனவர், பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக இருந்தவனைப் பார்த்து நின்றார். வக்கீல் இல்லையா என்று கேட்டார், இப்போதுகூட நடுவரிடம் சொல்லி உங்கள் வழக்கை நான் எடுத்துக்கொள்ளலாம், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அவன் தாளை நீட்டினான், கை மட்டும் நீட்டிற்று. அவர் நின்றபடியே வேகமாகப் படித்தார், கண் கடைசி வரியில் கொஞ்சம் நின்றது.

“இந்த மூணாவது சாட்சி உங்களுக்குத் தெரிஞ்சவரா அண்ணே?”

“ஏத்திட்டுப் போனேன்மா.”

“தலைக்காயம்னு போட்டிருக்கே. இப்ப எப்படி இருக்கார்?”

சொல்லிவிடலாம். அவர் அப்பவே இல்லம்மா என்று மூன்று வார்த்தை. சொன்னால் என்ன ஆகும், பிணத்தை ஏற்றிக்கொண்டு குடித்தவன் என்று இன்னொரு வழக்கு வரும், போலீசிடம் மறைத்ததற்கு மூன்றாவது, இப்படித்தான் அவன் எண்ணினான், அப்படி ஒன்றும் வராது, அந்த வாக்குமூலத்தை எழுதியவர்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்பது ஒரு வக்கீலுக்கு அரை நொடியில் தெரிந்துவிடும், அந்த வக்கீல் அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆனால் அதைவிடப் பெரிய தடங்கல் ஒன்று இருந்தது. அந்த முனையில் இருப்பவர் காதில் விழுகிற தூரத்தில் எப்படி அதைச் சொல்வது. வழியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, இன்னும் இறக்கிவிடவில்லையே, அன்றைக்கு அவன் கையால் இறக்கிவிடவில்லையே, வேறு ஒருத்தன் அல்லவா கொண்டுபோனான், அப்படியானால் அந்தப் பயணம் முடிந்ததா இல்லையா.

“நல்லா இருக்காரும்மா” என்றான்.

யோசித்துச் சொல்லுங்க அண்ணே, நான் உள்ளேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவருடைய கருப்பு அங்கியின் நுனி கதவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான், கூப்பிடலாம், இப்போது கூப்பிடலாம், கதவு சாத்திக்கொண்டது. வெயிலுமுத்துவைக் கூப்பிட்டார்கள், அவர் போய் ஒத்துக்கொண்டு, கட்டவேண்டியதைக் கட்டி, ஐந்து நிமிடத்தில் வந்து, வாரேன்வே என்று போய்விட்டார். பெஞ்சில் நடுவில் இடம் காலியாயிற்று. இப்போது இந்த முனை, அந்த முனை. எங்கிருந்தோ பினாயில் வாடை வந்தது, நீதிமன்றம் என்றால் பினாயில் போட்டுக் கழுவுவார்கள், பிணவறையிலும் அதே பினாயில்தான், ஒரே கடையில் வாங்கலாம், அதில் தவறில்லை. அந்தப் பாதங்களின் அடியில் மணல் ஒட்டியிருந்தது. ஆற்று மணல் மாதிரி வெளுத்த மணல். ஊரில் எல்லோர் காலிலும் மணல் ஒட்டும், தன் காலைத் தூக்கிப் பார்த்தான், ஒட்டவில்லை, ஷூ போட்டிருந்தான். ஆசீர்விளைக்குச் சம்மன் கொண்டுபோனபோது வீடு பூட்டிக் கிடந்ததாம், அவர் மனைவி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாளாம், கதவில் ஒட்டிவிட்டு வந்தார்களாம், கதவில் ஒட்டினால் ஆளிடம் கொடுத்த மாதிரி என்று கோர்ட் கான்ஸ்டபிள் காலையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் அவருக்குத் தெரியும். வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும்.

பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால் டவாலி வாசலுக்கு வந்தார். உச்சிமாகாளி என்று கூப்பிட்டார், அவன் எழுந்து நின்றான், சப்-இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் உள்ளேதான் இருந்தார்கள், டவாலி கையிலிருந்த தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“ஞானதிரவியம்.”

நடையில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. மூன்று மாதமாக ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பெயர். அதைச் சுவரில் அடித்த மாதிரி இவ்வளவு உரக்க, இவ்வளவு சாதாரணமாகச் சொல்லலாம் என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒன்று. இது ஒன்றுதான், இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை, டவாலிக்கு ஒரு நோக்கமும் இல்லை, அவர் தினமும் நூறு பெயர் கூப்பிடுகிறவர், சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஞானதிரவியம்.”

பெஞ்சின் அந்த முனையில் இரண்டு பாதங்களும் மெதுவாக உள்ளே மடங்கின. எழுந்திருக்கப் போகிறவர் முதலில் செய்வது அதுதான். டவாலி மூன்றாவது தடவைக்காக மூச்சை இழுத்தார், நெஞ்சு உயர்வது சட்டைப் பித்தான்களில் தெரிந்தது, உச்சிமாகாளியின் வாயிலிருந்து, பிணவறை வாசலில் பெயரைப் படித்துச் சரிபார்க்கும்போது டிரைவர்கள் சொல்கிற பதில் தானாக வெளியே வந்தது.

“இருக்காருய்யா.”

டவாலி மூச்சை விட்டுவிட்டார். இருக்காராம் என்று உள்ளே சொன்னார், எழுத்தர் எழுதிக்கொண்டார். உச்சிமாகாளி அதற்குள் உள்ளே போய்க் கூண்டருகில் நின்றிருந்தான், எப்படிப் போனான் என்பது தெரியவில்லை. எங்கே சாட்சி, உள்ளே வரச்சொல்லுங்க என்றார் நடுவர் அம்மா. அவர் வரவேண்டாம்மா என்றான். குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை, வளைவில் சொல்கிற குரல் அது.

“யாரையும் கூப்பிட வேண்டாம்மா. அவர் சொன்னது அத்தனையும் சரிதான். பாலத்துல நான் சொல்லல. நான் ஒத்துக்கிடுதேன்.”

நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஒத்துக்கொண்டால் தண்டனை உண்டு என்பது தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றான். உட்கார்ந்திருந்த இளம் வக்கீல் அம்மா பாதி எழுந்து, அம்மா, இவருக்காக ஒரு நிமிஷம் என்றார். அவன் அவரைப் பார்த்து வேண்டாம்மா என்று தலையசைத்தான்.

“யாராவது உங்களை மிரட்டினாங்களா? வற்புறுத்தினாங்களா?”

அவன் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தான்.

“இல்லைங்கம்மா.”

அபராதம் விதித்து, லைசன்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைக்கச் சொல்லித் தீர்ப்பானது. எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தபோது பெஞ்சில் ஒருவரும் இல்லை, டவாலி சாப்பாட்டுத் தூக்கோடு அதில் உட்கார இடம் துடைத்துக்கொண்டிருந்தார். உச்சிமாகாளி படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். ரோடு திரும்புகிற இடத்தில் ஐயா, வளைவு என்று மெதுவாகச் சொன்னான். கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு நடந்தான். மறுநாளிலிருந்து வண்டியை வேறு ஆள் ஓட்டினார்.

நீதிமன்ற எழுத்தர் எதையும் பாதியில் விடாதவர். பன்னிரண்டு நாள் கழித்து ஆசீர்விளைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. விசாரணை நாளன்று மூன்றாவது சாட்சி ஞானதிரவியம் ஆஜரானது பதிவு செய்யப்பட்டது என்றும், வழக்கு முடிந்துவிட்டதால் அவர் இனி வரவேண்டியதில்லை என்றும் அதில் இருந்தது. அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.